மூன்று மொழிப் பலகைக்கு எந்த முரட்டு எழுத்து? கோண வெட்டு ஸ்லாப் எழுத்துருக்கள்: ஓர் ஒப்பீடு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் எல்லையோர ஊர்களில் கடை திறப்பவருக்குப் பலகை ஒன்று, மொழி மூன்று. மலையாளம் வேண்டும். வாங்க வருகிறவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், அதனால் தமிழும் வேண்டும். பில் புத்தகத்திலும் கூகுள் மேப்பிலும் இருக்கிற ஆங்கிலப் பெயரையும் விட முடியாது. டிராக்டர் உதிரி பாகம், பம்ப் செட், வெல்டிங் பட்டறை, இரும்புக் கடை மாதிரியான தொழில்காரர்கள் பலகைக்கு வந்தால் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எழுத்து நல்லா முரடா, திடமா இருக்கோணுங்க." அதைக் கேட்டதும் டிசைன் செய்கிறவர் கை தானாகப் போவது ஸ்லாப் செரிஃப் வகைக்கு.

ஸ்லாப் செரிஃப் என்றால் எழுத்தின் தலையிலும் காலிலும் தட்டையான, தடித்த பட்டை இருக்கும். தூணுக்கு அடியில் பீடம் வைத்த மாதிரி. செய்தித்தாளில் வருகிற சாதாரண செரிஃப் எழுத்தில் அந்த முனை மெலிந்து கூராக முடியும். ஸ்லாப்பில் அது ஏறக்குறைய எழுத்தின் தண்டு அளவுக்கே தடித்திருக்கும். இதிலேயே கோண வெட்டு வகை என்று ஒன்று உண்டு. வளைய வேண்டிய இடத்திலும் வளையாமல் சதுரமாகவோ மூலை சீவியோ போகும். கல்லூரி விளையாட்டு ஜெர்சிகளில் பார்த்திருப்பீர்கள்.

ஸ்லாப் வகை பிறந்ததே விளம்பரத்துக்காகத்தான். 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் தன் வார்ப்படத்தில் இதை வெளியிட்டபோது, புத்தகத்துக்குள் வைத்து வாசிக்க யாரும் வாங்கவில்லை, சுவரொட்டிக்கு வாங்கினார்கள். 1827இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் சுழலும் வெட்டுக்கருவியால் மர எழுத்துகளைக் கடைந்தெடுக்கத் தொடங்கிய பிறகு, ஈயத்தில் வார்க்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்துகள் மலிவாகக் கிடைத்தன. அந்தக் கருவியின் பேரன்தான் இன்றைக்குப் பொள்ளாச்சியிலும் கோவையிலும் ஏ.சி.பி. என்கிற அலுமினியப் பலகை ஷீட்டை வெட்டுகிற, கணினி சொன்னபடி ஓடும் சி.என்.சி. ரவுட்டர். இதை வரலாற்றுக்காகச் சொல்லவில்லை. கீழே ஒவ்வொரு எழுத்துருவையும் எடை போடும்போது, வெட்டுகிற கருவிக்கு அது ஒத்துப்போகிறதா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

முதலில் ஆங்கிலம். அங்கேதான் தேர்வு அதிகம். ஆனால் என் கணக்கில் இந்தப் பலகையில் முக்கியத்துவம் குறைந்த மொழியும் அதுதான். அதனால் தேர்வை இங்கே தொடங்கினாலும் முடிவை இங்கே எடுக்கக் கூடாது.

கையில் ஏற்கெனவே இருப்பது ராக்வெல். மோனோடைப் 1934இல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் போட்ட கணினிகளில் கூடவே வந்திருக்கும், எக்ஸ்ட்ரா போல்டு உட்பட. இதன் பலம் எல்லோரிடமும் இருப்பது, பலவீனமும் அதுவே. 'ஓ' எழுத்து காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் போலிருக்கும். திடம் இருக்கிறது, கோணம் இல்லை. பேக்கரிக்கும் காபிக் கடைக்கும் அழகாகப் பொருந்துகிற எழுத்து இரும்புக் கடைக்குக் கொஞ்சம் சாந்தமாகத் தெரியும்.

அடுத்தது ஆல்ஃபா ஸ்லாப் ஒன். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில விளம்பர எழுத்தை அடியொற்றி வரைந்தது, ஒரே ஒரு தடிமன், அதுவும் மகா தடிமன். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை இழுக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் தடிப்பெல்லாம் உள்வெளியைத் தின்றுதான் வருகிறது. 'ஏ', 'இ', 'எஸ்' எழுத்துகளுக்குள் இருக்கிற வெற்றிடம் சிறு துளையாகிவிடும். பகலில் பரவாயில்லை. இரவில் எல்.இ.டி. போட்டால் ஒளி பரவி அந்தத் துளைகள் அடைபட்டு, எழுத்து ஒரு வெளிச்சக் கட்டியாகிவிடும். பேவன் என்று இன்னொன்று, வெர்னான் ஆடம்ஸ் வரைந்தது; ஹைன்ரிஷ் யோஸ்ட் என்ற ஜெர்மானியரின் பழைய பெட்டான் எழுத்தைத் தழுவியது. ஆல்ஃபாவைவிட மூச்சு விட இடம் உண்டு. ஆனாலும் இரண்டும் உருண்டைக் குடும்பம்தான். கோணம் வேண்டும் என்கிறவர் இரண்டையும் தாண்டிப் போகலாம்.

கோணத்தின் தாத்தா சிட்டி. கேயார்க் ட்ரும்ப் 1930இல் பெர்லினின் பெர்த்தோல்டு வார்ப்படத்துக்கு வரைந்தது. எழுத்தின் வெளி மூலை லேசாக உருண்டிருக்கும், உள்வெளி மட்டும் செங்கோணச் செவ்வகம். இந்த இழுபறிதான் அதன் அழகு. 1956இல் பால் ராண்ட் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு முத்திரை செய்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது இதைத்தான். 1972இல் அதே முத்திரை எட்டுப் பட்டைகளாகப் பிளந்து இன்றுவரை நிற்கிறது. அழகில் இந்தப் பட்டியலில் சிட்டிக்குத்தான் முதலிடம். ஆனால் உரிமம் காசு கொடுத்து வாங்க வேண்டும். பட்டறைப் பலகை ஒன்றுக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. திருட்டு நகல் பென் டிரைவில் சுற்றுகிறது என்பது வேறு கதை. அதைச் செய்யாதீர்கள், அந்த நகல்களில் முனைப்புள்ளிகள் சிதைந்து வெட்டும்போது கோடு பிசிறடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான்காவது கிராஜுவேட். எடுவார்டோ துன்னி வரைந்தது, இதுவும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அமெரிக்கக் கல்லூரி ஜெர்சி எழுத்தின் பாணி: வளைவுக்குப் பதிலாக மூலையை 45 பாகையில் சீவிவிட்ட எண்கோண அமைப்பு. வட்டமே கிடையாது. 'ஓ' எண்கோணம், 'எஸ்' உடைந்த கோடுகள். குறை ஒன்று: கேட்கிற அளவுக்குத் தடிப்பு இல்லை. கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் வெளிக்கோடு கூட்டித் தடிப்பாக்கலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது மூலை அமைப்பை உருண்டையாக விட்டுவிட்டால் சீவிய கோணமெல்லாம் மழுங்கிப் போகும். கூர் மூலைக்கு மாற்றிக்கொண்டு, பிறகு வெளிக்கோட்டைப் பொருளாக மாற்றி, உள்ளே இருப்பதோடு ஒட்டவைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை.

கெல்லி ஸ்லாப் என்று ஒன்றும் இலவசமாக இருக்கிறது. சதுர வெட்டு, ஆனால் மெலிவு. மொபைல் கடைக்குச் சரி, இங்கே வேண்டாம்.

ஆக, ஆங்கிலத்தை மட்டும் பார்த்தால் அழகுக்குச் சிட்டி, கைக்கு அடக்கமாக கிராஜுவேட். ஆனால் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் நம் பக்கத்துப் பலகைகளின் பழைய வியாதி. ஆங்கிலம் ஜோராக முறுக்கி நிற்கும். கீழே தமிழ் ஏதோ கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய பாமினி எழுத்தில் குழைந்து கிடக்கும். மலையாளம் கார்த்திகா எழுத்தில் இன்னொரு தினுசு. மூன்று கடைக்காரர்கள் ஒரே பலகையைப் பங்கு போட்டுக்கொண்டது போலத் தெரியும். ஓர் எழுத்துரு இந்த எல்லையோரத்துக்கு நல்லதா இல்லையா என்பதை அதன் கோணமும் தடிப்பும் மற்ற இரண்டு மொழிக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை வைத்தே சொல்வேன்.

தமிழுக்கு வருவோம். தமிழ் அச்சு தொடங்கியதே இன்றைய கேரள மண்ணில்தான்: 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. அதிலிருந்து நானூறு ஆண்டுக்கு மேல் அச்செழுத்து வரலாறு இருந்தும், காலிலும் தலையிலும் பட்டை வைக்கிற பழக்கம் நம் எழுத்துக்கு வேரூன்றவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து ஒரே சீரான கோட்டில் ஓடுவது. கோடு முடிகிற இடத்தில் நின்று குறுக்குக் கோடு போடுகிற தேவை அதற்கு வரவில்லை. எனவே "இதே ஃபான்ட் தமிழில் இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் கிட்டத்தட்ட எப்போதும் இல்லை என்பதே. வழி மூன்று. பட்டையை நாமே ஒட்டுவது. பட்டை இல்லாமல் தடித்த எழுத்தை எடுத்துக்கொள்வது. பெயரை மட்டும் புதிதாக வரைவது.

பட்டை ஒட்டுவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, இதை விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் எழுத்தின் காலடியில் இருக்கிற சின்னக் கோடு அலங்காரம் கிடையாது, அதுவே எழுத்து. 'எ' எழுத்தின் கீழ் முனையில் ஒரு சிறு கோடு இழுத்தால் அது 'ஏ'. துணைக்காலின் அடியில் இடப்பக்கம் சாய்த்துக் கோடு போட்டால் அது 'ர'. இப்போது ஸ்லாப் வேண்டும் என்று எல்லாத் தண்டுக்கும் அடியில் பட்டை வைத்தால் என்ன ஆகும்? 'ட்ராக்டர்' என்ற சொல்லில் ர-வும் அதை அடுத்த காலும் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கும். 'எலெக்ட்ரிகல்ஸ்' தூரத்தில் 'ஏலெக்ட்ரிகல்ஸ்' ஆகும். 'ஏஜென்சி' என்று வருகிற பலகைக்கோ எதிர்ப்பக்கச் சிக்கல்: ஏ-யின் கோடு பட்டையோடு பட்டையாகக் கலந்து எ ஆகிவிடும். ஆங்கிலத்தில் பட்டை கூடினாலும் குறைந்தாலும் 'எச்' என்பது 'எச்'தான். இங்கே அந்தச் சலுகை இல்லை.

தலையில் வைத்தால்? அங்கே பிழைத்துக்கொள்ளலாம். ப, ம, ய, ட மாதிரியான எழுத்துகளின் நேர்த்தண்டு மேலே திறந்து நிற்கிறது. அதன் தலையில் ஒரு பட்டை வைத்தால் வேறு எழுத்தாக மாறாது. ஒரு கட்டுப்பாடு: பட்டை வெளிப்பக்கம் மட்டும் நீள வேண்டும். 'ப'வின் இரண்டு தலையிலும் உள்ளே பார்த்துப் பட்டை வைத்தால் வாய் மூடி அது வெறும் பெட்டியாகிவிடும். க, த, ச, ர மாதிரி ஏற்கெனவே மேலே படுக்கைக் கோடு இருக்கிறவற்றுக்குத் தனிப் பட்டையே வேண்டாம். அந்தக் கோட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டிக் கொஞ்சம் நீட்டினால் போதும். ஞ, ண, ஐ, இ போன்ற சுருள் எழுத்துகளைத் தொடவே கூடாது. சுருளின் வெளி மூலையைச் சீவலாம், அவ்வளவுதான். தலையில் பட்டை, காலில் வேண்டாம் என்ற இந்த விதியோடு தமிழில் ஸ்லாப் சாயல் கொண்டுவர முடியும். முழு ஸ்லாப் கேட்டால் தமிழ் ஒத்துக்கொள்ளாது.

புள்ளியைப் பற்றி ஒரு சொல். 'ட்ராக்டர்ஸ்' என்ற ஒரு சொல்லிலேயே நான்கு புள்ளி. கோண எழுத்துக்கு வட்டப் புள்ளி வைத்தால் சட்டையில் வேறு பட்டன் தைத்தது போல உறுத்தும். சதுரப் புள்ளி வைத்தால் தலைப்பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். சதுரத்தை 45 பாகை திருப்பி வைரமாக்கினால், கீழ்முனை மட்டுமே எழுத்தை நெருங்கும், இடைவெளி தெளிவாகத் தெரியும். மூலை சீவிய எழுத்தோடு அதன் சாய்வும் ஒத்துப்போகும். எனக்கு இதுதான் பிடிக்கிறது.

அடித்தளமாக எந்தத் தமிழ் எழுத்துரு? பாலூ தம்பி என்ற எழுத்துருவின் அதிகத் தடிமன் எடுப்பானது, ஆனால் எல்லா முனையும் உருண்டு கொழுகொழுவென்று இருக்கும். ஐஸ்கிரீம் கடைக்கு யோசிக்காமல் போடலாம். கட்டமரன் 100 முதல் 900 வரை ஒன்பது தடிமனில் கிடைக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே கையில் வந்ததால் இரண்டும் பொருந்தும். ஆனால் மலையாளம் அதில் இல்லை, நமக்கு அது பெரிய குறை. நோட்டோ செரிஃப் தமிழ் 900 வரை தடிக்கும். அதன் கோடு இடத்துக்கு இடம் மெலிந்து தடிப்பதால் கோவில் கும்பாபிஷேகப் பலகைக்கு நன்றாக இருக்கும். இரும்புக் கடைக்கு மெலிந்த இடங்கள் வெட்டும்போது ஒடியும்.

மிச்சம் இருப்பது அனெக். மும்பையின் ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்டது. ஆங்கிலம் சேர்த்துப் பத்து எழுத்துமுறைகளில் ஒரே குடும்பம்: அனெக் தமிழ், அனெக் மலையாளம், அனெக் லத்தீன், அனெக் தெலுங்கு என்று வரிசையாக. தடிமன் 100 முதல் 800 வரை; அகலத்தையும் 75 முதல் 125 வரை கூட்டிக் குறைக்கலாம். எல்லைப் பலகைக்கு இந்த அகலம்தான் வரப்பிரசாதம். ஒரே பெயர் மூன்று மொழியிலும் மூன்று நீளம் வருகிறது. வழக்கமாக டிசைனர் என்ன செய்வார்? நீளமான மொழியைச் சுட்டியால் பிடித்து அமுக்குவார். அமுக்கினால் நேர்க்கோடு மெலிந்து படுக்கைக் கோடு தடித்தே நிற்கும், எழுத்து நோஞ்சானாகும். அகலம் மாற்றத் தெரிந்த எழுத்துருவில் கோட்டின் தடிப்பைக் காப்பாற்றிக்கொண்டே நீளத்தைக் குறைக்கலாம். பழைய கோரல் பதிப்பில் இந்த வசதி வேலை செய்யாவிட்டால், குறுகியது, அகன்றது என்று தனித்தனிக் கோப்புகளாகவும் குடும்பத்தை இறக்கிக்கொள்ளலாம்.

இனி மலையாளம், சுருக்கமாக. மலையாள அச்செழுத்தும் ஒரு காலத்தில் சதுரமாகத்தான் இருந்தது. 1772இல் ரோமில் அச்சான 'சங்க்ஷேப வேதார்த்தம்' சதுர வடிவு எழுத்தில் வந்தது. பிறகு கோட்டயத்தில் 1821இல் சி.எம்.எஸ். அச்சகம் தொடங்கிய பெஞ்சமின் பெய்லி செதுக்கிய எழுத்துகள் உருண்டையாகி, அதுவே நிலைத்துவிட்டது. இரு நூற்றாண்டாக உருண்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் எண்கோண மலையாளத்தை வைத்தால் சினிமா டைட்டில் போலத் தோன்றுமே தவிர, கடைப் பெயராக உடனே வாசிக்க வராது. மலையாள ட-வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து வெறும் வட்டம். ற, ந இரண்டும் வளைவு வாசல்கள். இவற்றில் கோணத்தைத் திணிப்பதைவிட, தடிப்பைப் பொருத்தி முனையைத் தட்டையாக வெட்டிவிடுவது மேல். அனெக் மலையாளம் அதற்கு ஒத்துவருகிறது. மஞ்சரி போல்டு அழகிய எழுத்து, ஆனால் அதன் முனைகள் உருண்டவை. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் உரூப் ஒடுங்கிய தடி எழுத்து. மலையாளம் மட்டும் பெரிதாக வருகிற தனிப் பலகைக்கு அதை எடுத்துப் பார்க்கலாம்.

எழுத்துரு எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1971 மலையாள லிபி சீர்திருத்தத்துக்குப் பின் வந்த புதிய முறையில் கூட்டெழுத்துகள் பிரிந்து பக்கத்தில் வரும். பழைய முறை எழுத்துருவில் அடுக்கி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். கீழே இறங்குகிற எழுத்து, பட்டையான பலகையில் உயரத்தைத் தின்னும், மொத்த வரியும் சிறுத்துவிடும். ட்ர, க்த, ஸ்ட்ர எல்லாம் வருகிற நம் தொழிற்பெயர்களுக்குப் பலகையைப் பொறுத்தவரை புதிய முறையே வசதி. பழைய லிபி அன்பர்கள் கோபிக்க வேண்டாம்.

எழுத்தின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. எல்லைக்கு அந்தப்பக்கம், அதாவது தமிழ்நாட்டில், கடைப் பலகையில் தமிழ் முதலில், 5:3:2 என்ற விகிதத்தில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்பது விதி. கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இரண்டு பக்கமும் கிளை வைத்திருப்பவர் ஒரே கோப்பை இரண்டு இடத்துக்கும் அடிக்கக் கூடாது. அங்கே மலையாளம் 2, இங்கே மலையாளம்தான் மேலே. ஆங்கிலத்தை நடுவில் வைத்து மற்ற இரண்டும் இடம் மாறுகிற மாதிரி முதலிலேயே வடிவமைத்தால் வேலை மிச்சம். அங்குல உயரத்துக்குப் பத்தடி தூரம் நன்றாகத் தெரியும் என்பது ஆங்கிலத் தலைப்பெழுத்துக்கான பலகைக்காரர் கணக்கு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அதைவிடத் தாராளமாக வைக்க வேண்டும். காரணம், கொம்பும் புள்ளியும் அதே உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

அப்புறம் பொருள். இங்கே காற்று பேசும். பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் அடிக்கிற காற்றில் ஃப்ளெக்ஸ் கிழிந்து கொடியாகும். அதனால்தான் ஏ.சி.பி. தளத்தின் மேல் தனித்தனியாக வெட்டிய எழுத்தைப் பதிக்கிறோம். தளமே இல்லாமல் இரும்புச் சட்டத்தில் எழுத்தை மட்டும் நிறுத்தினால் காற்று ஊடே போய்விடும். அங்கே எழுத்தின் வடிவமே பலம்.

ரவுட்டரின் பிட், அதாவது சுழன்று வெட்டுகிற முனை, உருண்டையானது. வெளி மூலையைக் கூராக வெட்டும், உள் மூலையைக் கூராக வெட்ட அதனால் முடியாது. 6 மில்லிமீட்டர் பிட் என்றால் ஒவ்வொரு உள் மூலையிலும் 3 மில்லிமீட்டர் ஆரத்தில் ஓர் உருண்டை மிச்சமாகும். சிட்டி மாதிரி உள்வெளி செங்கோணமாக இருப்பதே அழகு என்கிற எழுத்துருவுக்கு இது நேரடி அடி. மூலையை அரம் வைத்து எடுக்க வேண்டும், அல்லது அக்ரிலிக்கை லேசரில் வெட்ட வேண்டும். எண்கோண எழுத்தில் உள் மூலைகள் 135 பாகையாக அகன்று திறந்திருப்பதால் அந்த உருண்டை கண்ணுக்கே தெரியாது. ஆல்ஃபா ஸ்லாப்பில் சின்ன உள்வெளிக்குள் பிட் நுழைவதே பாடு.

எவர்சில்வர் அல்லது அலுமினியப் பட்டையை மடித்துச் செய்கிற டப்பா எழுத்து என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். வளைவை உருட்ட இயந்திரம் வேண்டும், கையால் உருட்டினால் அலை அலையாக வரும். எண்கோணத்துக்கு வளைவே இல்லை. குறி போட்டு, லேசாக வெட்டு வைத்து, மடித்தால் முடிந்தது. நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். கால் பட்டை உள்ள ஆங்கில எழுத்துக்கு அடியில் இரண்டு போல்ட் பக்கத்துக்கு ஒன்றாகப் போட இடம் கிடைக்கிறது, ஆடாது. இந்த வசதி தமிழில் 'ப', 'ட' போன்றவற்றின் படுக்கை அடிக்கோட்டில் இயல்பாகவே இருக்கிறது. 'ர', 'ழ' மாதிரி ஒற்றைக் காலில் நிற்பவற்றைத் தலையிலும் பிடித்துக் கட்டுங்கள். எல்.இ.டி. வைப்பவர்கள் தலைப்பட்டையின் முனை வரை மாட்யூலைக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். தண்டோடு நிறுத்திவிட்டால் இரவில் பட்டை இருண்டு, போட்ட ஸ்லாப் காணாமல் போகும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் டிராக்டர், பம்ப் செட், இரும்பு, வெல்டிங் வகைக் கடைகளுக்கு என் தேர்வு இது: ஆங்கிலத்துக்குத் தடிப்பாக்கிய கிராஜுவேட், தமிழுக்கு அனெக் தமிழின் 800 தடிமனை எடுத்து மூலை சீவித் தலைப்பட்டையும் வைரப் புள்ளியும் வைத்தது, மலையாளத்துக்கு அனெக் மலையாளம் 800 அப்படியே. மூன்றிலும் செங்குத்துக் கோட்டின் தடிப்பை அளந்து ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எழுத்தின் உயரம் வேறுபடலாம், கோட்டின் தடிப்பு வேறுபட்டால்தான் பலகை மூன்றாகப் பிரிந்து தெரியும். கிராஜுவேட்டும் அனெக்கும் திறந்த உரிமத்தில் வருபவை. வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், வடிவத்தை மாற்றலாம். மாற்றியதை எழுத்துருவாகப் பரப்பினால்தான் உரிமத்தின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். ஒரு கடையின் பெயருக்கு அந்தக் கவலை இல்லை.

பெயர் சின்னதாக, இரண்டு மூன்று எழுத்தில் முடிந்தால் எழுத்துருவை மறந்துவிட்டுக் கையால் வரையச் சொல்வேன். கட்டம் போட்ட தாளில் பழைய பலகை ஓவியர் ஒருவரிடம் கொடுங்கள். பிரஷ் பிடித்த கைக்குத் தலைப்பட்டை எங்கே நிற்க வேண்டும், சுருள் எங்கே தொடங்க வேண்டும் என்பது ஃபான்ட் பட்டியலில் தேடுகிறவரைவிட நன்றாகத் தெரியும். நீளப் பெயருக்கு அது கட்டுப்படியாகாது.

ஜவுளி, மருந்து, பேக்கரி, மளிகைக் கடைக்காரர்கள் இந்தக் கோண வெட்டுப் பக்கம் வரவே வேண்டாம். ராக்வெல்லும் பாலூவும் உங்களுக்குப் போதும். கபடி, வாலிபால் குழுக்கள் ஜெர்சிக்கு கிராஜுவேட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண் பெரிதாக வரும் இடத்தில் அதன் எண்கோண 8 பார்க்கவே கம்பீரம். ஆனால் முதுகில் பெயர் தமிழில் வேண்டுமென்றால் தலைப்பட்டை வேண்டாம். வினைல் வெட்டி ஒட்டும்போது சின்ன அளவில் பட்டை உரிந்து வரும்.

வெட்டுக் கடைக்குக் கோப்பு அனுப்புமுன் எல்லா எழுத்தையும் கர்வ்ஸ், அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கிற வெறும் கோட்டு வடிவம், ஆக்குங்கள், ஒட்டிய பட்டைகளை வெல்டு கட்டளை கொடுத்து ஒரே வெளிக்கோடாக்குங்கள். வெல்டு செய்யாமல் விட்டால் ரவுட்டர் பட்டைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டிலும் ஓடி, தலை தனியாக, உடல் தனியாகக் கையில் கொடுத்துவிடும். கோப்போடு ஒரு தாளில் பெயரை மூன்று மொழியிலும் அச்செடுத்துக் கூடவே அனுப்புங்கள். கோவையில் வெட்டுகிறவருக்கு மலையாளமும், பாலக்காட்டில் வெட்டுகிறவருக்குத் தமிழும் தலைகீழாக மாட்டினாலும் தெரியாது.